துணியில் தொலையும் புள்ளி

ஆண்டு விழாவுக்கு ஒரே மாதிரிச் சட்டை. பையின் மேல் 'சங்கம்' என்று நூலில் எழுதக் கொடுக்கிறார்கள். வந்து சேர்வதோ 'சஙகம'! வெளி மாநிலத்தில் தமிழ் தைக்கக் கொடுத்தால் இப்படியும் நடக்கும்.

மெஷின் ஓட்டியவர் மேல் பழி போட வேண்டாம். படம் தயாரான மேஜையிலேயே பிழை புகுந்திருக்கும்.

மும்பை, சூரத் பட்டறைகளில் இந்த மேஜை வேலைக்குப் 'பஞ்சிங்' என்று பெயர். ஸ்விட்சர்லாந்தின் இசாக் குரோப்லி 1863-ல் ஷிஃப்லி எம்பிராய்டரி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் படத்தை ஆறு மடங்கு பெரிதாக வரைந்து, தையல் தையலாகத் தொட்டுத் தொட்டு அட்டையில் துளையிட்டார்கள். அட்டை போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

போட்டோவைக் கொடுத்தால் போதாதா? போதாது. பெரிதாக்கினால் ஓரம் பிசிறடிக்கும். கோரல்டிரா போன்றவற்றில் கோடுகளாக வரைந்த படம் நல்லது. ஒவ்வொரு உருவமும் முழுதாக மூடியிருக்க வேண்டும். ஒன்றன் கீழ் ஒன்று ஒளிந்து கிடக்கும் உருவங்களைக் களைய வேண்டும். களையாவிட்டால் அதையும் சேர்த்துத் தைத்து, நூல் கட்டிதட்டி, ஊசி ஒடியும். தமிழ் எழுத்துகளையும் கோட்டுருவாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அவை வேறு ஏதோவாகத் தெரியும்.

புள்ளி எங்கே தொலைகிறது? தமிழ் அறியாத பஞ்சிங்காரருக்கு அது தூசு. படத்தைச் சுத்தம் செய்கையில் துடைத்துவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

தப்பிப் பிழைத்த புள்ளிக்கும் கண்டம் உண்டு. வழக்கமான 40-ம் நம்பர் நூலே ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இடத்தை அடைக்கும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத புள்ளியில் ஊசி ஒரே இடத்தைக் குத்திக் குத்தித் துணியைக் கிழிக்கும், அல்லது புள்ளி துணிக்குள் புதையும். தையல் துணியை இழுப்பதால் 'ழ', 'ண' சுழிகளும் அடைத்துக்கொள்ளும். ஆகவே புள்ளியைச் சற்றுப் பருமனாக, எழுத்தைவிட்டுத் தள்ளி வரைய வேண்டும். மெல்லிய நாகரிக எழுத்தெல்லாம் கல்யாணப் பத்திரிகையோடு நிற்கட்டும்!

20 தலை மெஷினில் ஒரு பிழை ஒரே நேரத்தில் 20 துணியில் ஏறும். பிரித்தெடுத்தாலும் ஊசித் துளை தெரியும். அதனால் முதலில் அதே துணியின் துண்டு ஒன்றில் தைக்கச் சொல்லி, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் நேரில் போய் எழுத்தெழுத்தாகப் பார்த்து, அதன் பிறகே முன்பணத்தைக் கொடுக்கலாம்.