அபின் வணிகம் எப்படி இயங்கியது?

ஒரு மெஸ். எதிரே ஒரு மளிகைக் கடை. மெஸ்ஸுக்கு வேண்டிய தேயிலை அந்தக் கடையில் மட்டும்தான் கிடைக்கும். கடைக்காரர் கறாரானவர். கடன் கிடையாது, வெள்ளிக் காசு மட்டும். மெஸ்ஸில் சமைக்கும் எதுவும் அவருக்கு வேண்டாம். தினமும் கல்லா காலியாகிறது. மெஸ் முதலாளி என்ன செய்வார்?

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டன் இப்படித்தான் விழித்துக்கொண்டு நின்றது. தேநீர் அங்கே ஏழை வீடுவரை போய்விட்டது. தேயிலை வந்ததோ சீனாவிலிருந்து. 1757 முதல் ஐரோப்பியக் கப்பல்களுக்கு அங்கே காண்டன் (இன்றைய குவாங்சோ) என்ற ஒரே துறைமுகம்தான். அங்கும் உரிமம் பெற்ற கோஹாங் வணிகர்களிடம் மட்டுமே வாங்கலாம், விற்கலாம். அந்த வெக்கையில் பிரிட்டனின் கம்பளித் துணிக்கு என்ன கிராக்கி இருக்கும்? 1793-இல் பிரிட்டிஷ் தூதர் மக்கார்ட்னி பரிசுப்பொருள்களோடு சீனப் பேரரசரைப் பார்க்கப் போனார். எந்தச் சலுகையும் கிடைக்காமல் திரும்பினார்.

முதலாளி பின்கட்டில் ஓர் அடுப்பை மூட்டினார். அது எரிந்தது பீகாரிலும் காசியைச் சுற்றிய சீமையிலும். நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடிதான் சரக்கு. பச்சைக் காயை மாலையில் கீறிவிட்டு, இரவில் வடிந்து உறைந்த பாலைக் காலையில் சுரண்டி எடுப்பார்கள். உழவருக்கு முன்பணம் கொடுத்தது பிரிட்டனின் கிழக்கிந்தியக் கம்பெனி. விலை வைத்ததும் அதுவே. பாட்னா, காசிப்பூர் கூடங்களில் பாலை உலர்த்தி, உருட்டி, அதே செடியின் பூவிதழ்களை அடுக்கடுக்காக ஒட்டி மேலோடு கட்டுவார்கள். பெட்டிக்கு 40 உருண்டை. ஒரு பெட்டி 60 கிலோவுக்கு மேல்.

சமையல் முடிந்தது. பரிமாற மட்டும் முதலாளி வரமாட்டார்! சீனப் பேரரசு 1729-லேயே அபின் புகைப்பதற்கான விற்பனையைத் தடைசெய்திருந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் இறக்குமதிக்கும் தடை வந்தது. கம்பெனிக் கப்பலில் அபின் பிடிபட்டால் தேயிலை வணிகமே போய்விடும். ஆகவே பெட்டிகள் கல்கத்தாவில் ஏலத்துக்குப் போயின. ஏலம் எடுத்த தனி வணிகர்கள் கப்பலேற்றிக் காண்டனுக்கு வெளியே லிண்டின் தீவில் நிறுத்துவார்கள். அங்கிருந்து சீனக் கடத்தல்காரர்களின் துடுப்புப் படகுகள் கரைக்குக் கொண்டுபோகும். கையூட்டு வாங்கிய அதிகாரிகள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

மெஸ்ஸின் உண்மையான சாமர்த்தியம் கல்லாவில்தான் இருந்தது. அபின் விற்ற வெள்ளியைத் தனி வணிகர்கள் காண்டனில் இருந்த கம்பெனிக் கஜானாவிலேயே கட்டுவார்கள். லண்டனிலோ கல்கத்தாவிலோ மாற்றிக்கொள்ளும்படி உண்டியல் வாங்கிக்கொள்வார்கள். அந்த வெள்ளியைக் கொண்டே கம்பெனி தேயிலை வாங்கியது. மளிகைக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம் வாங்கிய காசிலேயே மளிகைக்காரரின் பாக்கி தீர்ந்தது. கம்பெனியின் கணக்கேட்டில் காண்டனில் அபின் விற்றதாக ஒரு வரிகூட இருக்காது. இந்த ஏற்பாட்டை வெறும் கடத்தல் என்று சொல்வது கம்பெனிக்குச் செய்யும் சலுகை. ஓர் அரசு தன் கருவூலத்துக்காகத் திட்டமிட்டு நடத்திய தொழில் இது.

1820 வாக்கில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பெட்டிகளாக இருந்த சரக்கு, 1830-களின் இறுதியில் ஏறக்குறைய 40,000 பெட்டியானது. 1834-இல் கம்பெனியின் சீன வணிக ஏகபோகம் முடிந்தது. ஜார்டின், மாத்தேசன் போன்ற தனி வணிகர்கள் அதன் பிறகு இன்னும் தாராளமாக இறங்கினார்கள். சீனாவிலிருந்து வெள்ளி ஏற்கெனவே வெளியேறத் தொடங்கியிருந்தது. சீன உழவர் செப்புக் காசில் சம்பாதித்து வெள்ளிக் கணக்கில் வரி கட்டியவர். வெள்ளி விலை ஏற, அபினைத் தொட்டே பார்க்காதவர் தலையிலும் சுமை கூடியது.

1839 மார்ச்சில், அபினை ஒழிக்கப் பேரரசர் அனுப்பிய ஆணையர் லின் சே-சூ காண்டனுக்கு வந்தார். வெளிநாட்டு வணிகர்களின் குடியிருப்பை அடைத்து, சரக்கைக் கேட்டார். அப்போது பிரிட்டிஷ் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட் செய்த காரியம்தான் கதையைத் திருப்பியது. “என்னிடம் ஒப்படையுங்கள், விலைக்கு அரசு பொறுப்பு” என்ற பொருளில் வணிகர்களுக்கு வாக்குக் கொடுத்தார். மெஸ்ஸின் பார்சல் பையன்களான அந்த வணிகர்களின் நஷ்டம் ஒரே நாளில் முதலாளியின் கடனாகிவிட்டது. லின் 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளை ஹூமெனில் குழி வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார். கடலைக் கெடுப்பதற்காகக் கடல் தெய்வத்திடம் மன்னிப்பும் கேட்டார்.

அந்தக் கடனைக் கொடுக்க லண்டனுக்கு மனமில்லை. சீனாவிடமே வசூலிக்கக் கப்பல்கள் கிளம்பின. 1840 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வந்த கண்டனத் தீர்மானத்திலிருந்து அரசு 9 வாக்கு வித்தியாசத்தில்தான் தப்பியது. போரிட அனுப்பப்பட்டவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. 1841 மே மாதம் காண்டனுக்கு அருகே சன்யுவான்லியில் சென்னை ராஜதானியின் 37-ஆம் காலாட்படையைச் சேர்ந்த ஒரு பிரிவு வீரர்கள் மழையில் துப்பாக்கி நனைந்து சுட முடியாமல் ஊர்மக்களிடம் சிக்கித் தவித்தார்கள். மற்றபடி நெமசிஸ் போன்ற இரும்பு நீராவிக் கப்பலுக்கு முன்னால் சீனக் கடற்படை ஒன்றும் செய்ய முடியவில்லை.

1842 ஆகஸ்ட் 29-இல் நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து துறைமுகங்கள் திறந்தன, ஹாங்காங் கைமாறியது, கோஹாங் ஏகபோகம் ஒழிந்தது. சீனா கட்ட வேண்டியது 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர். அதில் 60 லட்சம் கரைத்த அபினின் விலை. இனி அபின் விற்கலாமா என்பது பற்றி மட்டும் ஒப்பந்தம் வாய் திறக்கவில்லை. 1856-இல் இரண்டாவது போர் மூண்டது. அதன் நடுவே 1858-இல் ஒரு பிக்கல் எடைக்கு (சுமார் 60 கிலோ) 30 டேல் வெள்ளி சுங்கம் என்று விதித்து, அபினைச் சட்டப்படியான சரக்காக்கினார்கள்.