இருபத்தொரு தகடுகள்

மின்சாரம் ஓடும் இடத்தில் சூடு பிறந்தே தீரும். வானொலியானாலும் கணினியானாலும் அந்தச் சூட்டை வெளியேற்ற வழி செய்யாவிட்டால் உள்ளிருக்கும் உறுப்புகளின் ஆயுள் குறையும். இதற்காகவே சீப்பின் பற்களைப்போல் வரிசையாக நிற்கும் அலுமினியத் தகடுகளை அவற்றின்மேல் பொருத்துகின்றனர். கடைத்தெருவில் இதற்கு 'ஹீட் சிங்க்' என்று பெயர். செம்பு ஏறத்தாழ இருமடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆனால் எடையோ மும்மடங்குக்கு மேல்.

கலைப் பட்டதாரியாகிய நான் இவற்றைக் கற்றது என் தங்கை மகனிடம். இயந்திரப் பொறியியல் இறுதியாண்டில் அவன் எடுத்துக்கொண்ட ஆய்வு இது. ஆய்வுகளை ஆயத்தமாகவே விலைக்குத் தரும் கடைகள் உண்டென்பதை வாசகர்கள் அறிவர். அவன் அங்கே போகவில்லை. பட்டறையில் பழியாய்க் கிடந்து, 10 சென்டிமீட்டர் சதுர அடித்தளத்தில் ஒன்றுக்கு 7 தகடுகளும் மற்றொன்றுக்கு 21 தகடுகளும் வைத்துச் செய்வித்தான். தகடு கூடினால் பரப்பு கூடும். பரப்பு கூடினால் சூடு விரைந்து இறங்கும் என்பது அவன் எதிர்பார்ப்பு.

நேர்மாறாக முடிந்தது. 21 தகடுகள் கொண்டதுதான் அதிகம் சுட்டது!

குழுவிலிருந்த மற்றவர்கள், "எண்களை இடம் மாற்றி எழுதிவிடுவோம், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றனர். வாப்பா சவூதியில் உழைத்து அனுப்பும் பணத்தில் படிப்பவன். மதிப்பெண் குறைந்தால் வேலைக்கான நேர்முகத் தேர்வே கைநழுவலாம். "என்ன செய்யட்டும் மாமா?" என்று முகம் வாடி வந்து நின்றான். விடை எனக்கென்ன தெரியும்? "இன்னொருமுறை அளந்து பார்" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று இரவுகள் அளந்தான். எண் மாறவில்லை, காரணம்தான் புலப்பட்டது. சூடான தகட்டை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று மேலெழும். தகடுகளுக்கிடையே 3 மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாததால் இருபுறத்துப் படலங்களும் ஒன்றோடொன்று முட்டித் தேங்கிவிட்டன. தேங்கிய காற்றோ அலுமினியத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு மந்தமாகவே வெப்பத்தைக் கடத்தும். சிறு மின்விசிறியை வைத்துக் காற்றை உள்ளே தள்ளியபோது, அதே 21 தகடுகள் முந்திக்கொண்டன. இரண்டு முடிவுகளையும் உள்ளபடியே எழுதிக் கொடுத்தான்.

அவனுடைய பாடநூலில் ஃபூரியே என்ற பெயரைக் கண்டு வியந்தேன். 1798இல் நெப்போலியன் எகிப்தின்மேல் படையெடுத்தபோது உடன்சென்ற அறிஞர்களுள் ஒருவராக வரலாற்றுப் பாடத்தில் நான் படித்தவர் அவர். வெப்பம் பரவும் விதத்தைக் கணக்கில் வடித்து 1822இல் நூல் வெளியிட்டவரும் அவரே என்பது எனக்குப் புதுச் செய்தி.

ஆய்வேட்டைப் படித்துக் காட்டியபோது தங்கை பாதியில் எழுந்து போனாள். திரும்பியபோது அவள் கையில், இன்வெர்ட்டரின் மேல் ஆண்டுக்கணக்கில் விரித்திருந்த பூவேலைத் துணி இருந்தது.