தலைக்காயத்தின் பின் வாகனம் செலுத்தலாமா?

ஷெல் துண்டு தலையில் பட்டுத் தப்பியவரும், பாரிசவாதம் வந்து எழும்பி நடப்பவரும் சில கிழமைகளில் எம்மிடம் கேட்பது இதுதான்: "இனி லான்ட்மாஸ்ரர் பிடிக்கலாமோ?" இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அந்த இயந்திரமே உழவு, அதுவே வண்டி, அதுவே கூலி. ஆகவே ஒரேயடியாக மறிப்பதும் பிழை, "கை கால் சுகம்தானே, ஓட்டு" என்று விடுவதும் பிழை.

கால் இழந்தவரைக் கண்டால் நாம் அதிகம் பயப்படுகிறோம். மூளை தெளிவாயிருந்தால் அவர் செயற்கைக் காலுடன் பழகலாம். சில வாகனங்களில் கால் கிளச்சைக் கைக்கு மாற்றியும் கொடுக்கலாம். வெளியே தெரியாத குறைதான் ஆபத்தானது.

மூளையின் வலப்பக்கம் பழுதுபட்ட சிலருக்குக் கண் நல்லாயிருந்தும் இடப்பக்கம் மனதில் பதிவதில்லை. கோப்பையின் இடப்பக்கச் சோறு அப்படியே மிஞ்சும். இடது தோள் கதவு நிலையில் முட்டும். தமக்குக் குறையிருப்பது அவருக்கே தெரியாது. எங்கள் வீதிகளில் இடது ஓரத்தில்தான் சைக்கிளும் பள்ளிப் பிள்ளைகளும் போவார்கள். வீட்டிலேயே பார்க்கலாம்: எதிரே இருந்து, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லி, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை அசையுங்கள், முதலில் ஒவ்வொன்றாக, பின் இரண்டையும் ஒன்றாக. ஒரு பக்கத்தை மட்டுமே சொன்னால் வைத்தியரிடம் காட்டும்வரை சாவியைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது யோசனையின் வேகம். பாரப்பெட்டியுடன் பள்ளத்தில் இறங்கும்போது லான்ட்மாஸ்ரரின் இடது திருப்பு கிளச்சைப் பிடித்தால் அது வலப்பக்கம் திரும்பும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். அந்த நொடியில் பழக்கத்தை மாற்றி யோசிக்க முடியாதவருக்கு மேட்டு நில உழவும் பெட்டியில்லாத வேலையுமே போதும்.

வலிப்பு வேறு கதை. தலையைத் துளைத்த காயத்தின் பின் அது பல வருடம் கழித்தும் வரலாம். வியட்நாம் போரில் அப்படிக் காயப்பட்ட அமெரிக்கப் படையினருள் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு வந்தது. பிரித்தானியாவில் வலிப்பு வந்தவர் பொதுவாக 12 மாதம் வலிப்பின்றி இருந்தபின்பே மீண்டும் கார் செலுத்தலாம். மருந்தைத் தாமாக நிறுத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வைத்தியர் சம்மதித்தாலும் கடைசிச் சோதனை இயந்திரத்தில்தான். அறுவடை முடிந்த வெறும் வயலில், பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் நடந்துவர, அரை மணித்தியாலம் ஓட்டட்டும். முதல் பத்து நிமிடத்தில் எல்லோரும் நன்றாகவே ஓட்டுவார்கள். களைத்தபின் எப்படி என்று பாருங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான வைத்தியப் பரிசோதனைக்குப் போகும்போது பழைய காயத்தை ஒளிக்காமல், ஆஸ்பத்திரித் துண்டையும் கொண்டு போங்கள்.