பாதி வீடு வாங்குமுன் நடுச்சுவரைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகள் சில, சீதனமாகப் பங்கிடப்பட்டு இரு குடும்பங்களுக்கு உரியனவாக உள்ளன. கூரை ஒன்று, நடுவே ஒரு சுவர். இடம்பெயர்ந்த பின் ஒரு பாதியில் ஆட்கள் திரும்பியிருப்பர். மறுபாதி பாழடைந்து கிடக்கும். இத்தகைய பாதி வீட்டை வாங்கவோ திருத்தவோ எண்ணும் குடும்பம், மிச்சம் பிடித்த பணத்தையும் நகையையும் அதில் போடுகிறது. எனவே முற்பணம் கொடுக்குமுன் நாம் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

மறுபாதி: நெடுநாள் ஆள் நடமாட்டமில்லாத வளவானால், கண்ணிவெடி அகற்றப்பட்டதா எனக் கிராம அலுவலரிடம் விசாரித்த பின்னரே இறங்குங்கள். மறுபாதியில் ஓடு இல்லையெனில் மழைநீர் நடுச்சுவரின் உச்சியால் உள்ளே இறங்கும். சுண்ணாம்புச் சாந்து கரையும், கற்கள் இளகும். எமது பக்கம் புதுக்கூரை போட்டாலும் அதைத் தாங்கும் சுவர் மறுபக்கத்தால் பழுதாகும். அதன் உச்சியை மூட மறுபாதிக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். சுவர் நம்பத்தக்கதல்ல எனில், எமது பக்கத்தில் தூண்கள் எழுப்பிக் கூரையைத் தாங்கலாம். அச்செலவை விலை பேசும்போதே கணக்கிட வேண்டும்.

வெடிப்பு: பூச்சில் தெரியும் மயிரிழை வெடிப்புக்குப் பயப்படத் தேவையில்லை. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி அகலும் வெடிப்பு, அத்திவாரம் இறங்கியதைக் காட்டலாம். அதற்குக் குறுக்கே சீமெந்துச் சாந்தை மெல்லியதாக அப்பித் திகதி எழுதுங்கள். மாரி முடிய அது பிளந்திருந்தால் சுவர் இன்னும் அசைகிறது.

மரமும் பூச்சும்: வளைகள் சுவரில் பதியும் முனைகளை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி இலகுவாக இறங்கினால் கறையான் அல்லது உக்கல் உண்டு. சுண்ணாம்புச் சுவரில் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும்; சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது.

உறுதி: விற்கப்படுவது பிரித்த பங்கா, பிரிக்காத பங்கா? தேசவழமைக்கு உட்பட்ட பிரிக்காத காணியில், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி கூட்டு உரிமையாளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இன்றி வெறுங்கடதாசியில் எழுதிய விற்பனை, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி செல்லாது. காணிப் பதிவகத்தில் ஈடு, வழக்கு உண்டா எனத் தேடுவிக்க வேண்டும்.

விற்பவர் கூட்டிவரும் மேசனை நம்பியிராது, ஒரு நாட்கூலி கொடுத்து எமக்குத் தெரிந்த மேசனைக் கூட்டிச் செல்வோம். பலரின் உழைப்பை அந்த ஒருநாட் செலவு காப்பாற்றும்.