எழுதாத பாடநூல்

மார்செல் தபுத்தோ, ஓபோ என்ற மேற்கத்தியத் துளைக்கருவியைக் கற்பவர்களுக்கென்று ஒரு பாடநூலும் வெளியிடவில்லை. ஆனாலும் இன்று அமெரிக்காவில் ஓபோ கற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அவர் வழியில்தான் சீவாளி சீவுகிறார்கள்.

1887-ல் பிரான்சின் கொம்பியேனில் பிறந்தவர். 1905-ல் நியூயார்க் போனார். 1915 முதல் 1954 வரை ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவில் முதன்மை ஓபோ அவருடையது. அதே ஊரின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் அவரிடம் பயின்றவர்கள் பிறகு அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் போய் அமர்ந்தார்கள்.

ஓபோவுக்கும் நம் நாகஸ்வரம் போல இரட்டைச் சீவாளிதான். ஐரோப்பாவில் நுனியை ஒட்டிக் கொஞ்ச தூரம் சீவினால் போதும். தபுத்தோ கத்தியைக் கீழே வெகுதூரம் இறக்கினார், தொனி கனிந்தது. நுனியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கை கொஞ்சம் தப்பினால் அத்தனை உழைப்பும் குப்பைக்கு. தப்பாமல் சீவினாலும் சில வாரங்களில் செத்துப்போகும். அந்த நுட்பத்தை எந்த அருங்காட்சியகத்தில் பூட்டி வைப்பது? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தான் அடுத்தவனுக்குக் காட்ட வேண்டும்.

ஒரு சொற்றொடரின் ஒவ்வொரு சுரத்துக்கும் 1, 2, 3 என எண் கொடுத்து, எது எந்த அளவுக்கு எழும்ப வேண்டும் என்று சொல்லித்தருவது அவருடைய இன்னொரு வழி. கணக்கு வாத்தியார் வேலைபோலத் தோன்றும். வாசித்துக் கேட்டால் சொற்றொடர் மூச்சு விடுவது புரியும்.

ஓய்வுபெற்று பிரான்சின் நீஸில் இருந்தபோது, 1965-ல், இந்தப் பாடங்களை ஒலிநாடாவில் பேசியும் வாசித்தும் பதிந்தார். அடுத்த ஜனவரியில் காலமானார். பதிவு அரிய சொத்துதான். ஆனால் அதில் எதிரே மாணவர் இல்லை. ஆகவே மாணவர்களிடம் அவர் காட்டிய பிரசித்தமான கோபமும் இல்லை.

கோபத்தைக் காப்பாற்றியவர் லைலா ஸ்டார்ச். கர்ட்டிஸில் ஓபோவில் பட்டம் பெற்ற முதல் பெண். படிக்கும் நாளில் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைக் கொண்டு 2008-ல் குருவின் வாழ்க்கையை நூலாக்கினார். காளான் தோலுரிக்கத் தெரியாமல் ஓபோ எப்படி வாசிப்பாய் என்ற கேள்வியே தலைப்பில் இருக்கிறது. சமையலறையிலும் சீவாளி மேசையிலும் தபுத்தோவுக்குக் கத்தி வேலை ஒன்றுதான்! என்னைக் கேட்டால், ஒலிநாடாவைவிட இந்தக் கடிதங்களில்தான் மனிதர் முழுதாகக் கிடைக்கிறார்.

எண் முறையை விளக்கி 2007-ல் விரிவான நூல் எழுதியவரோ ஓபோக்காரரே அல்ல. பஸ்ஸூன் கலைஞர் டேவிட் மெக்கில்.