குதிரையின் குளம்பழற்சியும் இல்லப் பராமரிப்பும்

உள்ளங்கால் முழுவதையும் நிலத்திற் பதித்து நடப்பவன் மனிதன். குதிரையோ ஒவ்வொரு காலிலும் ஒரேயொரு விரலின் நுனியிலேயே நிற்கின்றது. அவ்விரலின் நகமே தடித்து வளர்ந்து குளம்பாயிற்று. 500 கிலோகிராம் நிறையுள்ள உடலை இந்நான்கு நகங்களே தாங்குகின்றன. அந்நிறையில் ஏறக்குறைய 60 வீதம் முன்னங்கால்களின் மேலது.

குளம்பினுள்ளே விரலின் இறுதி எலும்பு அமைந்துள்ளது. அது குளம்பின் அடித்தட்டில் ஊன்றி நிற்பதன்று. குளம்புச் சுவரின் உட்புறத்தைப் பற்றித் தொங்குவது. எலும்பின் புறத்திலிருந்தும் சுவரின் புறத்திலிருந்தும் எழும் மெல்லிய தகடுகள், இரு கைவிரல்களைக் கோத்தாற்போல ஒன்றோடொன்று பிணைந்து அதனைத் தாங்குகின்றன. ஒரு குளம்பில் இத்தகைய முதன்மைத் தகடுகள் 550 முதல் 600 வரை உள. இவை நலிவுற்றுப் பிணைப்புத் தளர்வதே ‘லமினைற்றிஸ்’ எனப்படும் குளம்பழற்சி நோயாகும். பிணைப்பு மிகச் சிதையின் எலும்பு கீழ்நோக்கித் திரும்பும். சிலபோது அடித்தட்டையே துளைத்து வெளிப்படும்.

நோய் தோன்றுமிடம் குளம்பெனினும் அதன் வேர் பெரும்பாலும் பிறிதோரிடத்தில் உளது. மிகையான தானியத்தாற் குதிரைக்கு வரும் நோயொன்றைப் பண்டைக் கிரேக்கர் வாற்கோதுமையின் பெயராலேயே வழங்கினர். அவுஸ்திரேலிய நாட்டுக் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர், நலமுள்ள மட்டக்குதிரைகளின் குருதியில் இன்சுலினை நெடுநேரம் மிகுந்த அளவில் இருக்கச் செய்தபோது அவை யாவும் இந்நோயுற்றமை 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கொழுத்த குதிரைக்குச் செழித்த புல்லும் தானியமும் ஏன் கேடாகின்றன என்பது இதனால் விளங்கிற்று. முதிய குதிரைகளில் மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியின் கோளாறும், ஈன்ற குதிரையில் நச்சுக்கொடி வெளிவராது தங்குதலும், ஒரு கால் முறிந்தவழி முழுப் பாரமும் மற்றைக் காலில் விழுதலும் ஏனைய காரணங்களாம்.

குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடலைப் பின்சாய்த்து, குதியின்மேற் பாரத்தை இறக்கி நிற்குமாயின் ஐயுறல் வேண்டும். குளம்பு சூடேறியிருக்கும், குளம்பிற்கு மேலே, காலின் பின்புறத்தில் நாடி வலிதாகத் துடிக்கும். அப்பொழுதே மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். எக்ஸ்-கதிர்ப் படத்தால் எலும்பின் நிலையையும், குருதிச் சோதனையால் நோயின் மூலத்தையும் அறிந்து, வலி தணிக்கும் மருந்தினை அளவறிந்து கொடுப்பவர் அவரே. அதன்பின் வரும் நெடிய பணி உடையவனது.

முதற்கண், குதிரையை நடத்தலாகாது. நடந்தாற் குணமாகும் எனப் பண்டு கருதினர். ஒவ்வோரடியும் தளர்ந்த பிணைப்பை மேலும் கிழிக்கும் என்பதே உண்மை. மருந்தால் வலி தணிந்தபோதும் இவ்விதி மாறாது. லாயத்தில் மணலையோ மரச்சீவலையோ வாயில்வரை ஆழமாகப் பரப்பினால், அடித்தட்டு முழுவதும் பாரத்தைப் பகிர்ந்து கொள்ளும். குதிரையும் விரும்பியபோது படுத்தெழும். நோய் தொடங்கும் வேளையாயின், கால்களைப் பனிக்கட்டி நீரில் இரண்டு மூன்று நாட்கள் இடைவிடாது நிறுத்துதல் தகடுகளின் சிதைவைக் குறைக்கும்.

அடுத்தது உணவு. தானியம், வெல்லப்பாகு, பசும்புல் ஆகிய மூன்றையும் உடனே நிறுத்தல் வேண்டும். உலர்புல்லைக் குளிர்ந்த நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரையின் ஒரு பகுதி நீங்கும். பருத்த குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் நிறையில் 1.5 வீதம் உலர்புல் போதுமானது. 400 கிலோகிராம் குதிரைக்கு இது 6 கிலோகிராம். ஆயின் பட்டினியிடல் பெருந்தீங்கு. மட்டக்குதிரையும் கழுதையும் உணவின்றியிருந்தால் உடற்கொழுப்புக் குருதியிற் பெருகி ஈரலைத் தாக்கும். அதனால் உயிர்க்கேடும் நேரும். அன்பினால் ஒரு கைப்பிடி தானியம் கொடுப்பவனும், அச்சத்தால் முற்றும் மறுப்பவனும் ஒருங்கே தவறுகின்றனர்.

மூன்றாவது, குளம்பைத் திருத்தல். நீண்ட முன்நுனி ஒவ்வோரடியிலும் நெம்புகோல்போற் சுவரை எலும்பினின்றும் பிரிக்குமாதலின், லாடக்காரர் படத்தை நோக்கி அதனைக் குறைத்து, சில வாரங்களுக்கொருமுறை மீண்டும் திருத்துவர். குளம்பு மாதத்திற்கு 6 முதல் 10 மில்லிமீற்றரே வளரும். மேலிருந்து புதுச்சுவர் இறங்கி நிலத்தைத் தொட 9 முதல் 12 மாதங்களாகும். இக்காலத்தை எம்மருந்தாலும் சுருக்கவியலாது. நொண்டுதல் நின்றவுடன் குதிரை குணமடைந்துவிட்டதெனக் கொள்வோர் பலர். அவ்வேளையிற் புதுச்சுவர் பாதிதானும் இறங்கியிராது.

எல்லாக் குதிரைகளும் மீள்வதில்லை. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரற்றேரியற் என்னும் குதிரை 1989இல் இந்நோயின் வேதனை தீராமையாற் கருணைக்கொலை செய்யப்பட்டது. 2006ஆம் ஆண்டுப் பந்தயத்தில் வலப் பின்னங்கால் முறிந்த பார்பரோ, அம்முறிவு ஆறிவருங்கால் இடப் பின்னங்காலில் இந்நோய் கண்டு, 2007 ஜனவரியில் அவ்வாறே உயிர்நீத்தது. செல்வமும் சிறந்த மருத்துவமும் சூழ்ந்திருந்தும் அவற்றைக் காக்க இயலவில்லை. தொடக்கத்திலேயே கண்டு, உணவை அளந்து, ஓராண்டு பொறுத்திருப்பவரின் எளிய மட்டக்குதிரைகள் பல மீண்டும் நன்கு நடக்கின்றன. குளம்பில் தோன்றும் வளையங்கள் நோயுற்ற காலத்தைக் காட்டி நிற்பன. புதுச்சுவர் நேராக இறங்குதல் உடையவன் பொறுத்திருந்தமைக்குச் சான்றாம்.