உறுதியில் எழுதாத ஆண்டு

ஒரு சொத்தை நிலத்தால் கூறுபோடாமல் காலத்தால் கூறுபோட்டு, பங்காளிகள் ஒவ்வொருவரும் தத்தம் முறை வரும்போது முழுச் சொத்தையும் ஆண்டு அனுபவிக்கும் ஏற்பாட்டை இன்றைய வணிக உலகம் டைம்ஷேர் என்கிறது. விடுமுறை விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் அது 1960களில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. ரம்புக்கனை வயல்காரர்களுக்கோ அந்தக் கணக்கு அதற்கும் பல தலைமுறை மூத்தது. கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை மலையேறத் தொடங்கும் அந்த ஊர் அமைந்திருக்கும் கேகாலை மாவட்டத்திலும், இரத்தினபுரி, கண்டி, காலி போன்ற ஈரவலய மாவட்டங்களிலும், மேடுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் வயல்களை வாரிசுகள் ஆண்டு முறை வைத்து மாறிமாறிச் செய்கை பண்ணும் வழக்கம் உண்டு. அதற்குச் சிங்களத்தில் ‘தட்டுமாறு’ என்று பெயர். அதிலுள்ள ‘மாறு’ தமிழ்க் காதுக்கு அந்நியமானதல்ல. இந்த முறையில் ஒரு பங்கை வாரிசு அல்லாத ஒருவர் விலைக்கு வாங்கிய பிறகு எழும் பிணக்குகள், விடுதி வாரமொன்றை இரண்டாம் கையாக வாங்கியவருக்கு நேரும் பிணக்குகளை ஏறத்தாழ எல்லா வகையிலும் ஒத்திருக்கின்றன.

வயல் மிகச் சிறியதாக இருந்து, வரப்புப் போட்டுப் பிரித்தால் எருமை திரும்பக்கூட இடம் இராது என்ற நிலை வரும்போதுதான் தட்டுமாறு பிறக்கிறது. அரை ஏக்கர், அதாவது 80 பேர்ச் வயலொன்றை விட்டுவிட்டுத் தகப்பன் இறக்க, அவருக்கு இரண்டு ஆண்மக்கள் என்று வைத்துக்கொண்டால், மூத்தவர் ஓராண்டும் இளையவர் அடுத்த ஆண்டுமாக முழு வயலையும் விதைப்பார்கள். ஓராண்டு என்பது பெரும்போகம், சிறுபோகம் ஆகிய இரண்டு போகங்களும் சேர்ந்தது. அடுத்த தலைமுறையில் மூத்தவருக்கு மூன்று பிள்ளைகளும் இளையவருக்கு இரண்டு பிள்ளைகளும் இருந்தால், மூத்த கிளையின் ஆண்டை மூவர் பகிர்வதால் அவர்களுள் ஒருவருக்கு ஆறு ஆண்டுக்கு ஒருமுறையும், இளைய கிளையில் ஒருவருக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வயல் கிடைக்கும். மூத்த கிளையின் மூவரில் ஒருவருக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தால் அவர்களுள் ஒருவரின் பங்கு 1/24 ஆகிறது. நிலத்தில் அளந்தால் அது மூன்று பேர்ச்சுக்குச் சற்று மேல். காலத்தில் அளந்தால் 24 ஆண்டுக்கு ஒரு முறை, அதாவது ஒரு மனிதர் தன் வாழ்நாளில் இரண்டு மூன்று தடவை மட்டும் இறங்கக்கூடிய வயல். இதன் இணைவழக்கமான ‘கட்டிமாறு’ சற்று வேறுபட்டது: அதில் வயல் தட்டுத்தட்டாகப் பிரிக்கப்பட்டு, தண்ணீர் முதலில் பாயும் நல்ல தட்டும் கடைமடைத் தட்டும் எல்லோருக்கும் கிடைக்கும்படி பங்காளிகள் ஆண்டுதோறும் தட்டு மாறுகிறார்கள்.

இத்தகைய பங்கை விற்கச் சட்டத்தில் தடையேதும் இல்லை. இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டப்படி, பிரிபடாத பங்கின் உரிமையாளர் மற்றப் பங்காளிகளின் சம்மதம் இல்லாமலே அதை யாருக்கும் கைமாற்றலாம். வடக்கில் தேசவழமைக்கு உட்பட்டவர்களின் காணியில் நிலை வேறு: அங்கே 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம், பங்கு விற்கப்படும்போது அதை முதலில் வாங்கும் உரிமையை உடன்பங்காளிகளுக்கு வைத்திருக்கிறது. கேகாலையில் அந்தத் தடுப்பு இல்லாததால், நேற்று வரை அண்ணன் தம்பிகளுக்குள் ஓடிய சுற்றில் இன்று வெளியார் ஒருவர் உறுதியும் கையுமாக வந்து நிற்பது சாதாரணம். கணநாத் ஒபேசேகர 1967இல் வெளியிட்ட ‘லேண்ட் டெனியூர் இன் வில்லேஜ் சிலோன்’ என்ற நூல், தென்மாகாணக் கிராமமொன்றில் இப்படிப் பங்குகள் வெளியார் கைக்குப் போனதையும், அதனால் உறவும் நிலமும் ஒருசேரச் சிதறியதையும் விரிவாக ஆராய்ந்தது. ஓய்வு பெற்று வரும்போது ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தோட்டத்து லயனுக்கு வெளியே ஒரு துண்டு நிலமாவது வேண்டும் என்று தேடும் மலையகக் குடும்பத்துக்கு மலிவாக அகப்படுவதும் பெரும்பாலும் இத்தகைய பங்குதான்.

காணியின் கைமாற்றம் நொத்தாரிசு ஒருவராலும் இரண்டு சாட்சிகளாலும் அத்தாட்சிப்படுத்தப்பட்ட உறுதியால் மட்டுமே செல்லுபடியாகும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. அந்த உறுதியில் வயலின் பெயர், நான்கெல்லை, லாஹ, பேல, அமுண என்ற விதைப்பளவில் பரப்பு (10 லாஹ ஒரு பேல, 4 பேல ஒரு அமுண), ‘பிரிபடாத நாலில் ஒரு பங்கு’ என்ற சொற்றொடர் எல்லாம் இருக்கும்; எந்த ஆண்டு விற்றவரின் முறை, அடுத்த முறை எப்போது என்பது மட்டும் பெரும்பாலும் இராது. முறைக் கணக்கு ஊராரின் நினைவிலும், ஒரு வீட்டு அலுமாரியில் கிடக்கும் சீஆர் கொப்பியிலும் வாழ்கிறது. ஆக, வாங்கியவர் காசு கொடுத்துப் பெற்றது ஒரு பின்னம். அந்தப் பின்னத்தை ஆண்டாக மாற்றித் தரவேண்டியவர்கள், அவருடைய வருகையை விரும்பாத மற்றப் பங்காளிகள். பிணக்குகளில் முக்கால்வாசி இந்த இடைவெளியிலிருந்தே கிளம்புகின்றன.

விற்றவர் சென்ற ஆண்டு விதைத்து அறுத்துவிட்டு இந்த ஆண்டு விற்றிருந்தால், வாங்கியவர் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். அது விற்பனையின்போது சொல்லப்படுவதில்லை. மழை பொய்த்துப் பாழான ஆண்டை முறையாகக் கணக்கிடுவதா, தள்ளிவிடுவதா என்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நியாயம் இருக்கும். வயலை வாரத்துக்குச் செய்துவரும் ஒருவர் ஏற்கெனவே அங்கே இருந்தால், அவரை நினைத்தவுடன் வெளியேற்ற முடியாது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் தொடங்கி 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் வரை குடிமைச் செய்கையாளரின் பாதுகாப்பு தொடர்ந்து வந்திருக்கிறது. இவை எல்லாவற்றையும்விடக் கசப்பானது, விற்றவருக்கு உண்மையில் 1/6 தான் இருந்தது, 1/4 என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்பது பின்னால் தெரியவரும் நிலை. தன்னிடம் இல்லாததை எவராலும் கொடுக்க முடியாது என்பதால், உறுதி என்ன சொன்னாலும் கைமாறியது 1/6 மட்டுமே.

அந்த நிலையில் சட்டம் வாங்கியவரைக் கைவிடுவதில்லை. ‘உரித்தை உத்தரவாதம் செய்து காத்துத் தருவேன்’ என்று விற்றவர் உறுதியில் ஏற்றுக்கொள்ளும் வாசகம் வெறும் சம்பிரதாயம் அல்ல. உரிமை பறிபோனால் விலையையும் நட்டத்தையும் அவரிடமிருந்து மீட்க அது வழி தருகிறது. ஆனால் அதற்கு ஒரு முன்கடமை உண்டு: வேறொருவர் வழக்கு வைத்தவுடனே, தன் உரித்தைக் காக்க வரும்படி விற்றவருக்கு வாங்கியவர் அறிவித்தல் கொடுக்க வேண்டும். தனியே வழக்காடித் தோற்றுவிட்டுப் பிறகு விற்றவரைத் தேடிப் போகிறவரின் கோரிக்கை பலவீனப்பட்டுவிடும். அதுபோலவே, 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதியப்படாத உறுதி, அதே சொத்துக்குப் பெறுமதி கொடுத்துப் பெற்று முதலில் பதியப்பட்ட பிந்திய உறுதிக்கு முன்னால், மோசடி இல்லாதபோது நிற்காது. எனவே கேகாலைக் காணிப் பதிவகத்தில் உறுதி பதிவாவதில் ஏற்படும் தாமதம் ஒரு முழுப் பங்கையே காவுகொள்ளக்கூடும்.

முறை வந்தும் வயலில் இறங்கவில்லை, இறங்க விடவில்லை என்ற நிலை ஆண்டுக்கணக்கில் நீண்டால் உரிமை போய்விடுமா என்ற அச்சம் பரவலானது. 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு எதிரிடை ஆட்சிக்கு உரிமை தருகிறது என்பது உண்மையானாலும், 1911இல் கோரியா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவி கவுன்சில், உடன்பங்காளி ஒருவரின் ஆட்சி சட்டத்தின் பார்வையில் பங்காளிகள் எல்லோருடைய ஆட்சியுமாகும், வெளிப்படையாக மற்றவரை விலக்கினால் அன்றி அது எதிரிடையாகாது என்று தீர்த்தது. ஆயினும் மிக நீண்டகாலம் ஒருவரே தனித்து அனுபவித்திருந்தால் அத்தகைய விலக்கலை ஊகித்துக்கொள்ளலாம் என்று 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கு வாசலைச் சற்றே திறந்து வைத்தது. ஆகவே, தன் முறையைத் தானே செய்ய வசதியில்லாத பங்காளி, அந்த ஆண்டைச் செய்கிறவரிடமிருந்து ஒரு மூட்டை நெல்லாயினும் வாங்கிக்கொண்டு அதற்கு எழுத்து வைத்துக்கொள்வது, நெல்லின் பெறுமதிக்காக அல்ல, பங்கின் உயிருக்காக.

முறையை நிறுவுவதற்கான சான்றுகளைச் சேர்ப்பதே எந்தத் தீர்வுக்கும் முதல் வேலையாகும். 1958ஆம் ஆண்டுச் சட்டம் பதவியை ஒழிக்கும் வரை வெல் விதானை வயல் காரியங்களைக் கவனித்துவந்தார். இன்று அந்த இடத்தில் கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பும் இருக்கின்றன. எந்தப் போகத்தில் யார் பெயரில் உர மானியம் எடுக்கப்பட்டது, விவசாயக் காணிப் பதிவேட்டில் செய்கையாளராக யார் பெயர் இருக்கிறது என்பவற்றைக் கொண்டு பத்துப் பதினைந்து ஆண்டுச் சுற்றை மீளக் கட்டிவிடலாம். அப்பதிவேடு உரித்தைத் தீர்மானிக்காது. யார் எப்போது விதைத்தார் என்பதற்கு அது சொல்லும் சாட்சியம், உறவினரின் நினைவைவிட உறுதியானது.

முறை ஆண்டில் மண்வெட்டியும் தடியுமாக மோதல் வரும் அறிகுறி தெரிந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிசாரோ தரப்பினரோ விடயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். சமாதானத்தைக் காப்பதே அதன் நோக்கம் என்பதால், தகவல் தாக்கலாவதற்கு முன்னைய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீள அமர்த்துவதோடு நீதிமன்றம் நின்றுவிடும். நிலம் யாருடையது என்பதைத் தொடாது. செய்கை பண்ணும் உரிமை, விளைச்சலுக்கான உரிமை என்பவையும் அச்சட்டத்தின் ‘காணிப் பிணக்கு’ என்ற வரைவிலக்கணத்துக்குள் அடங்குவது தட்டுமாறுப் பங்காளிக்குப் பெரிய வசதி. முறை ஆண்டுக்கு முந்திய இரண்டு மாதத்தில் அவர் வயலில் இருந்திருக்க வாய்ப்பே இல்லை அல்லவா.

முடிவான பரிகாரம் என்று சட்டத்தரணிகள் காட்டுவது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பாகப்பிரிவினை வழக்கு. எவ்வளவு சிறிய பங்குடையவரும் மாவட்ட நீதிமன்றத்தில் அதைத் தொடுக்கலாம். வம்சாவளி அட்டவணை தாக்கலாகி, நிலுவையிலுள்ள வழக்கு என்று காணிப் பதிவகத்தில் பதிவு விழுந்த பிறகு, வழக்கு முடியும் வரை அந்தக் காணியின் பங்கு எதையும் விற்கவோ குத்தகைக்கு விடவோ ஈடுவைக்கவோ முடியாது. பதிவேட்டைப் பார்க்காமல் அந்த இடைவெளியில் பங்கு வாங்குகிறவர் வெறுங்காகிதத்தை வாங்குகிறார். தரப்பினர் ஒத்துப்போனாலும்கூட நீதிமன்றம் தானாகவே உரித்தை ஆராய்ந்தாக வேண்டும் என்பதாலும், இறுதித் தீர்ப்பாணை வழக்கில் இல்லாதவர்களையும் கட்டுப்படுத்தும் என்பதாலும், வழக்கு நத்தை வேகத்தில் நகர்கிறது. 80 பேர்ச் வயலில் இருபது பங்காளிகள் இருந்தால் பிரிப்பது சாத்தியமில்லை. விற்கும்படி கட்டளையாகி, மதிப்பிட்ட விலையில் முதலில் பங்காளிகளுக்குள்ளும், பிறகு பகிரங்க ஏலத்திலும் வயல் போகும். முறை ஒன்றைக் கேட்டு நீதிமன்றம் போனவர், முறையே இல்லாத நிலையில் சிறு தொகையொன்றோடு வீடு திரும்புவார்.

அதனால்தான் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபை இத்தகைய பிணக்குக்கு மிகப் பொருத்தமான இடமாகிறது. சட்டத்தரணிகள் தரப்பினருக்காகத் தோன்ற முடியாத அச்சபையில், மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, பேசவைக்கிறார்கள். இணங்காவிட்டால் தீர்வு எட்டப்படவில்லை என்ற சான்றிதழோடு அனுப்பிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு நெறிமுறை, வணிகர் மூலம் டைம்ஷேர் வாங்கியவருக்கு 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகும் உரிமையைத் தருகிறது. தனியாளிடம் வயற்பங்கு வாங்கியவருக்கு இலங்கையில் அப்படியொரு வசதி இல்லை. அவருக்கு மிஞ்சும் பலம் பேச்சுவார்த்தைதான். கொடுத்துப் பேசவும் அவரிடம் சில உண்டு: இந்த ஆண்டு விட்டுத்தந்து அடுத்த ஆண்டு எடுப்பது, வாய்க்கால் வெட்டும் செலவைத் தான் ஏற்பது, அல்லது தன் பங்கை நியாய விலைக்கு வாரிசுகளுக்கே திருப்பி விற்பது.

இணக்கம் ஏற்பட்டால் அது ஆண்டு, போகம், பெயர் என்ற மூன்று நிரலில், குறைந்தது ஒரு முழுச் சுற்றுக்கு எழுதப்பட வேண்டும். மழை பொய்த்த ஆண்டுக்கு என்ன செய்வது என்ற ஒரு வரியும், வாரத்துக்குச் செய்கிறவர் யாருக்குப் பங்கு அளப்பார் என்ற ஒரு வரியும் அதில் இருந்தாக வேண்டும். சபையின் தாள் நொத்தாரிசு உறுதி அல்ல; ஒப்பமிட்டவர்களை அது கட்டுப்படுத்தும், அதே வயலில் வேறொரு பங்கை அடுத்த மாதம் வாங்கப்போகிற புதியவரைக் கட்டுப்படுத்தாது. பங்காளிகள் எல்லோரும் ஒருநாள் ரம்புக்கனையிலோ கேகாலையிலோ நொத்தாரிசு ஒருவரின் கந்தோருக்குப் போய் அந்த நிரலை உறுதியாக்கிப் பதிவு செய்துகொண்டால், அதன் பிறகு அந்த வயலில் பங்கு வாங்க வருகிறவர் காணிப் பதிவகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதே தன் முதல் விதைப்பு எந்த ஆண்டு என்பதையும் வாசித்துக்கொள்வார்.